பழி ஓரிடம், சளி ஓரிடம்

ஆய்வகங்களில் குரங்குகளை வைத்துச் சோதனை நடத்தும் நிறுவனங்களின் விலங்கு நெறிமுறைக் குழு உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

காரைக்குடியை அடுத்த பள்ளத்தூரிலிருந்து எழுதுகிறேன். வெளிமாநில நகரம் ஒன்றில், ஆய்வகக் குரங்குகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் 26 ஆண்டுகள் இருந்தவன். கூண்டு கழுவச் சேர்ந்தேன். மேற்பார்வையாளனாக வெளியே வந்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. பெயரைச் சொன்னால் அங்கே மட்டும் நடந்த கதை என்று மற்றவர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்பது ஒரு காரணம். ஓய்வூதியம் அங்கிருந்து வருகிறது என்பது இன்னொரு காரணம்.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். குரங்குக் கூடத்தில் வேலை செய்பவருக்குச் சளி பிடித்தால், அன்றைய கூலியைப் பிடிக்காதீர்கள்.

அவ்வளவுதான். இனி எழுதுவதெல்லாம் ஏன் என்பதற்கு.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எங்களுக்கு ஒரு வகுப்பு எடுப்பார்கள். குரங்கு கடித்தால் என்ன செய்வது, பிறாண்டினால் என்ன செய்வது, கண்ணில் எச்சில் தெறித்தால் எப்படிக் கழுவுவது என்று சொல்லித் தருவார்கள். 1932இல் போலியோ ஆராய்ச்சியில் இருந்த வில்லியம் பிரெப்னர் என்ற இளம் மருத்துவரைக் குரங்கு கடித்த கதையும் அதில் உண்டு. குரங்கின் வாயில் சிறு புண்ணோடு போய்விடும் பி வைரஸ், அவருடைய தண்டுவடத்தையும் மூளையையும் தாக்கி உயிரைக் கொண்டுபோய்விட்டது. கேட்டவுடன் கை தானாகக் கையுறையைத் தேடும். அந்த வகுப்பைப் பலமுறை கேட்டிருக்கிறேன், பிற்காலத்தில் நானே எடுத்தும் இருக்கிறேன். ஒருமுறைகூட அதில் எதிர்த்திசை பேசப்பட்டதில்லை. நம்மிடமிருந்து குரங்குக்கு என்ன போகிறது என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. முகக்கவசம் எங்கள் மூக்கைக் காப்பதற்கு என்றே நினைத்திருந்தோம். அதனால் வியர்த்தால் அதை மூக்குக்குக் கீழே இறக்கிவிடுவோம். என் மூக்கு, என் பாடு.

ஒரு தை மாதம். தேவகோட்டையில் அக்கா மகளுக்குத் திருமணம். கல்யாண வீட்டில் பந்திக்குப் பந்தி குழந்தைகள் இருமிக்கொண்டிருந்தன. அவற்றில் இரண்டு என் மடியில்தான் தூங்கின. இரவு ரயிலில் திரும்பும்போதே தொண்டை கரகரத்தது. நான் அப்போது ஒப்பந்தக்காரரின் ஆள். வராத நாளுக்குக் கூலி இல்லை. கல்யாணத்துக்கே நான்கு நாள் போயிருந்தது, மொய் வேறு. மிளகும் சீரகமும் தட்டிப்போட்ட ரசத்தைக் குடித்துவிட்டு, மூக்கு ஒழுக ஒழுகக் காலை ஆறு மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தேன்.

எங்கள் வேலை எப்படி நடக்கும் என்று உங்களில் சிலர் நேரில் பார்த்திருக்க மாட்டீர்கள். குரங்கு ஒரு கை நீளத் தூரத்தில் இருக்கும். கூண்டின் பின்தடுப்பைக் கம்பி பிடித்து முன்னுக்கு இழுத்து, குரங்கை அசையாமல் நிறுத்தி ஊசிக்குக் காட்டும்போது அதன் முகமும் என் முகமும் ஒரு முழம்கூட விலகியிருக்காது. அடித்தட்டை உருவிக் கழுவி அதே கையால் மாட்டுவோம். அதே கையால் ஊறவைத்த கொண்டைக்கடலையை அள்ளிப் போடுவோம். கையுறை உண்டு. மூக்கு அரித்தால் கையுறையோடுதான் தேய்த்துக்கொள்வோம், உண்மையைச் சொல்ல வேண்டுமே.

ஐந்தாம் நாள் காலை. நலமாக இருக்கும் குரங்கு கடலையைக் கண்டதும் இரண்டு கையாலும் வாரிக் கன்னப்பையில் அடக்கும். பக்கத்துக் கூண்டுக்காரன் பிடுங்கிவிடுவான் என்ற அவசரம் அதற்கு எப்போதும் உண்டு. கன்னம் உப்பாத குரங்கு நோயாளி. இது எந்தப் பாடநூலிலிருந்தும் நான் படித்ததல்ல, என்னைப் பழக்கியவர் சொல்லிக்கொடுத்தது. அன்று மேல்வரிசையில் இருந்த ஒரு பெண் குரங்கு ஒரே ஒரு கடலையை எடுத்தது, உற்றுப் பார்த்தது, கீழே விட்டுவிட்டது. மூக்கோரத்தில் ஈரம். மறுநாள் அதன் இரண்டு பக்கத்துக் கூண்டுகளிலும் தும்மல். வாரம் முடிவதற்குள் அறையில் பாதிக்கு மேல் முதுகைக் குறுக்கி உட்கார்ந்திருந்தன.

மருத்துவர் வந்து பருவ மாற்றம் என்று எழுதினார். எந்த வைரஸ் என்று யாரும் பரிசோதிக்கவில்லை. நடந்துகொண்டிருந்த ஆய்வு நின்றது. முந்தைய மாதம் தனிமை அறையிலிருந்து கொண்டுவந்து சேர்த்த புதுக் குரங்குகள்தான் கொண்டுவந்திருக்க வேண்டும் என்று பதிவேட்டில் ஏறியது. புதிதாக வரும் குரங்கைப் பல வாரம் தனியாக வைத்துச் சோதித்த பிறகே கூடத்துக்குள் விடுவோம். தேவகோட்டையிலிருந்து வந்தவனை வைக்கத் தனிமை அறை எதுவும் கிடையாது. என் சளிதான் என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் தேதிகளை விரல்விட்டு எண்ணத் தெரியும். வாய் திறந்திருந்தால் மறுநாளே என் இடத்தில் வேறு ஆள் நின்றிருப்பான். திறக்கவில்லை. அதை இன்று எழுதுகிறேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தத் துறையில் அது பழைய வழக்கம் என்று பின்னால்தான் தெரிந்தது. 1956இல் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் இருந்த சிம்பன்சிகளுக்குச் சளியும் இருமலும் வந்தன. அவற்றிடமிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தவர்கள் அதற்குச் 'சிம்பன்சி சளிக் காரணி' என்று பெயர் வைத்தார்கள். அந்த விலங்குகளோடு வேலை செய்த ஒருவருக்கும் அதே நோய் வந்தது. அடுத்த ஆண்டே ராபர்ட் சானாக் என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் பால்டிமோர் நகரில், மூச்சு நோய் கண்ட குழந்தைகளிடம் அதே வைரஸைக் கண்டார்கள். தேடத் தேட, பிள்ளைகளில் பெரும்பாலோர் சின்ன வயதிலேயே அதைச் சந்தித்திருந்தது தெரியவந்தது. அப்படியானால் சிம்பன்சி யாருக்கும் கொடுக்கவில்லை, நம்மிடமிருந்து வாங்கியிருக்கிறது. பெயர் மாறியது. இன்று அதை ஆர்.எஸ்.வி. என்கிறோம். செல்களை ஒன்றோடு ஒன்று ஒட்டவைத்துப் பெருங்கொத்தாக்கும் வைரஸ். 2 வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் ஒருமுறையாவது வந்துவிடும். வாழ்நாள் முழுவதும் திரும்பத் திரும்பவும் வரும். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் வெறும் ஜலதோஷம். கல்யாண வீட்டில் மடியில் தூங்கிய பிள்ளை கொடுப்பது, என்னைப் போன்றவன் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போவது. கூண்டின் தட்டு, கதவின் கைப்பிடி போன்ற வழவழப்பான பரப்புகளில் அது சில மணி நேரம் தாங்கும் என்பதை வேலையில் இருக்கும்போது யாராவது சொல்லியிருக்கலாம்.

தட்டம்மைக் கதை இன்னும் தெளிவானது. காட்டில் பிடித்த குரங்கின் ரத்தத்தில் தட்டம்மைக்கான எதிர்ப்புப்பொருள் அநேகமாக இருக்காது. அதே குரங்கு மனிதர்களின் கைக்கு வந்து சில வாரங்கள், சில மாதங்கள் ஆன பிறகு பார்த்தால் இருக்கும். 1960களின் தொடக்கத்திலேயே ஆய்வாளர்கள் இதைக் கண்டு எழுதிவிட்டார்கள். காரணம் எளிது. தட்டம்மை ஒருவருக்கு ஒருமுறைதான் வரும். அதனால் அது அணையாமல் எரிய, புதிது புதிதாகப் பிள்ளைகள் பிறந்துகொண்டிருக்கும் சில லட்சம் பேர் கொண்ட கூட்டம் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் காரைக்குடி நகராட்சியின் மக்கள்தொகை 1 லட்சத்துச் சொச்சம். இந்த ஊரைச் சுற்றி மதில் கட்டி யாரையும் உள்ளே விடாமல் வைத்தால் இங்கே தட்டம்மை கொஞ்ச காலத்தில் அற்றுப்போகும். காரைக்குடியாலேயே முடியாததை முப்பது நாற்பது குரங்குகள் கொண்ட கூட்டம் எப்படிக் கட்டிக்காக்கும்? கூடத்துக் குரங்குக்குத் தட்டம்மை வந்தால் கதவு வழியாக, இரண்டு காலில் நடந்துதான் வந்திருக்கிறது.

இதில் விஞ்ஞானிகள் கவலைப்பட வேண்டிய ஒன்று இருக்கிறது. குரங்குகளுக்குக் காசநோய் இருக்கிறதா என்று பார்க்க, மேல் இமையின் தோலுக்குள் டியூபர்குலின் ஊசி போடுவோம். 24, 48, 72 மணி நேரத்தில் இமை வீங்குகிறதா, கண் மூடிப்போகிறதா என்று கூண்டுக்கு முன்னால் நின்று பார்த்து எழுதுவோம். தொடாமலேயே பார்த்துவிடலாம் என்பதால்தான் இமை. தட்டம்மை உடம்பின் எதிர்ப்பை அமுக்கிவிடுவதால், காசநோய் உள்ள குரங்கின் இமையும் வீங்காமல் இருந்துவிடலாம். நலம் என்று நாங்கள் எழுதுவோம். அது அறை முழுக்கக் காசநோயைப் பரப்பும். அந்தக் காசநோயும் பல சமயம் மனிதன் கொடுத்ததுதான்.

எண்ணிக்கையையும் பாருங்கள். 2020இல் புனே தேசிய வைராலஜி நிறுவனத்தில் கோவாக்சின் தடுப்பூசியைச் சோதித்தபோது பயன்பட்டவை 20 செம்முகக் குரங்குகள். ஐந்தைந்தாக நான்கு குழு. ஐந்தில் ஒன்றுக்குப் பராமரிப்பாளர் கொரோனாவைக் கொடுத்திருந்தால் அந்தக் குழுவின் ஐந்தில் ஒரு பங்கு கணக்கிலிருந்து போயிருக்கும். அதனால்தான் அங்கே பராமரிப்பவர்களுக்கும் மருத்துவர்களுக்கும் அவ்வப்போது பரிசோதனை செய்தார்கள். கொரோனாவுக்குத் தெரிந்த இந்த நியாயம் மற்ற சளிகளுக்கு ஏன் தெரியவில்லை? அடுத்த ஆண்டு ஜனவரியில் அமெரிக்காவில், சான் டியாகோ விலங்குப் பூங்காவின் கொரில்லாக்களுக்குக் கொரோனா வந்தது. பாதுகாப்பு உடை அணிந்திருந்தும், அறிகுறியே இல்லாத ஊழியர் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம் என்றார்கள்.

2025 ஜனவரியில் நம் தொலைக்காட்சிகள் எச்.எம்.பி.வி. என்று அலறினவே, நினைவிருக்கும். 2001இல் நெதர்லாந்தில் கண்டறிந்த, ஆனால் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பிருந்தே மனிதர்களிடம் சுற்றிவரும் வைரஸ் அது. 2009இல் ருவாண்டாவின் மலைக் கொரில்லாக் கூட்டம் ஒன்றில் மூச்சு நோய் பரவி இரண்டு இறந்தபோது, இறந்தவற்றின் உடலில் இதுவே இருந்தது. 2013இல் உகாண்டாவின் கிபாலே காட்டில் 56 சிம்பன்சிகள் கொண்ட கூட்டத்தில் ஐந்து இறந்தன. அங்கே கிடைத்தது நம் சாதாரண ஜலதோஷக் குடும்பத்து ரைனோவைரஸ் சி. கொரில்லாவைப் பார்க்கப் போகும் சுற்றுலாப் பயணி பல மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், இருமலோடு வரக் கூடாது என்று விதி இருக்கிறது. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போகிறவருக்கு அது. கை நீளத் தூரத்தில் எட்டு மணி நேரம் நிற்கிறவனுக்கு வருகைப் பதிவேடு மட்டும்தான்.

இந்த விஷயத்தில் உங்களுக்கு வெளிநாட்டு வழிகாட்டி நூல் தேவையில்லை என்று நான் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு.

என் அம்மா இதே ஊரில் ஒரு நகரத்தார் வீட்டில் வேலை பார்த்தார். செட்டிநாட்டு வீட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி என்று வரிசையாக உள்ளே போய்க்கொண்டே இருக்கும். வெளியாள் முகப்போடு நிற்பார். கால் கழுவியவர் வளவுக்கு வருவார். கைக்குழந்தை இருக்கும் அறை எல்லாவற்றுக்கும் உள்ளே. ஆய்வகத்தில் செருப்பை மாற்றி, அங்கி மாற்றி, கதவுக்குப் பின் கதவாகத் திறந்து போகும்போதெல்லாம் எனக்கு அந்த வீடுதான் நினைவுக்கு வரும். கட்டியவர்கள் கிருமியை நினைத்துக் கட்டினார்களா என்று கேட்காதீர்கள். வேறு சில நினைப்புகளும் அந்தக் கதவுகளில் இருந்தன, அவற்றைப் பேச இது இடமில்லை.

எனக்கு ஏழெட்டு வயதில் மணல்வாரி, அதாவது இதே தட்டம்மை, போட்டது. எங்கள் வீட்டு நிலையில் வேப்பிலை செருகினார்கள். அம்மா விடியற்காலையில் போய்ப் பெரிய வீட்டுப் பின்கட்டு வாசலில் நின்று விஷயத்தைச் சொன்னார். வேலைக்கு வரத்தான் போயிருந்தார். வராவிட்டால் அடுப்பு எரியாது. ஆச்சி உள்ளேயிருந்தே, பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை இந்தப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அம்மா அழுதுகொண்டே திரும்பினார். மத்தியானம் அந்த வீட்டு வண்டிக்காரர் படி அரிசியும் பருப்பும் கொண்டுவந்து எங்கள் வாசலுக்கு வெளியே வைத்துவிட்டுப் போனார். தண்ணீர் ஊற்றிய பிறகு, போகாத நாட்களுக்கான கூலியும் குறையாமல் வந்தது.

ஆச்சி புண்ணியத்துக்காக இதைச் செய்ததாக நான் நினைக்கவில்லை. கண்டிப்பானவர், உடைந்த தட்டுக்கெல்லாம் கணக்குப் பார்ப்பார். வளவில் அவருடைய பேரப்பிள்ளைகள் நான்கு பேர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். அரிசி கொடுக்காவிட்டால் இவள் மூன்றாம் நாள் பிள்ளைக்குக் குணமாகிவிட்டது என்று பொய் சொல்லிக்கொண்டு வந்து நிற்பாள் என்று அவருக்குத் தெரியும். பசியோடு இருப்பவரிடம் உண்மையை எதிர்பார்க்கக் கூடாது என்ற கணக்கு அது. உங்கள் நிறுவனங்களின் நிர்வாகப் பிரிவில் பட்டம் பெற்ற பலர் இருக்கிறார்கள். அவர்கள் போடும் கணக்கு இதுவரை இந்த இடத்துக்கு வந்து சேரவில்லை.

வேப்பிலையிலும் ஒரு குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். தட்டம்மை தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே தொற்றும். நிலையில் இலை ஏறும்போது வைரஸ் தெருவைத் தாண்டியிருக்கும். ஆகவே விடுப்பு மட்டும் போதாது. ஒப்பந்த ஆட்கள் உட்பட ஒவ்வொருவருக்கும் தட்டம்மைக்கான எதிர்ப்பு இருக்கிறதா என்று சேரும்போதே பார்த்து, இல்லாதவருக்கு நிறுவனச் செலவில் தடுப்பூசி போட வேண்டும். ஓர் அறையில் சளி பரவினால் குரங்கின் மூக்கில் மாதிரி எடுக்கும் அதே நாளில் எங்கள் மூக்கிலும் எடுங்கள். யாரால் வந்தது என்று கண்டுபிடித்து வேலையை விட்டு நிறுத்துவதற்காக எடுப்பதாக இருந்தால் வேண்டாம். அடுத்த முறை எல்லோரும் சளியை மறைக்கக் கற்றுக்கொள்வார்கள். ஒருவர் வராவிட்டால் கூண்டு கழுவப் பழகிய மாற்று ஆள் இருக்க வேண்டும். மாற்று ஆள் இல்லாத கூடத்தில் விடுப்பு காகிதத்தில்தான் இருக்கும், ஏனென்றால் பட்டினி கிடக்கும் குரங்கை விட்டுவிட்டு எங்களால் வீட்டில் படுத்திருக்க முடியாது.

சளி என்று பொய் சொல்லி விடுப்பு எடுப்பார்கள் என்பீர்கள். எடுப்பார்கள். நானும் எடுத்திருப்பேன். இன்று நடப்பது என்ன? சளி இல்லை என்று பொய் சொல்லி வருகிறார்கள். இரண்டு பொய்யில் எது உங்கள் ஆய்வுக்குக் கேடு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

குரங்குகளைச் சோதனைக்கு வைத்திருப்பதே தகுமா என்று இதைப் படிக்கும் சிலர் கேட்பார்கள். எனக்கும் அதில் ஒரு கருத்து உண்டு; 26 ஆண்டுகள் அவற்றின் கண்ணைப் பார்த்தவனுக்கு இல்லாமல் இருக்குமா? அதை இந்த மடலில் கலந்தால் நீங்கள் அதற்குப் பதில் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவீர்கள்.

சென்ற தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடப்பவர்களை வழியனுப்பக் குன்றக்குடி போயிருந்தேன். பனி அதிகம், காவடிக்காரர்கள் பாதிப் பேர் தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கடித்த வாழைப்பழத்தின் மீதியைச் சுவரில் உட்கார்ந்திருந்த நாட்டுக்குரங்குக்கு நீட்டினார். ஐயா, முழுப்பழமாகக் கொடுங்கள், அல்லது கொடுக்காதீர்கள் என்றேன். குரங்குக்கு எச்சில் பார்க்கிறாரே என்று கூட்டம் சிரித்தது. அந்தக் குரங்கு பழத்தைப் பிடுங்கிக்கொண்டு மரத்தின் உச்சிக்குப் போய்விட்டது. நான் பார்த்துக்கொண்ட குரங்குகளுக்கு உச்சி என்பது கூண்டின் மேல்கம்பி.

கடைசியாக ஒரு சிறிய விஷயம். கூடத்தில் காலைப் பதிவேடு ஒன்று இருக்கும். ஒவ்வொரு குரங்குக்கும் தீனி, மலம், மூக்கு, காயம் என்று கட்டங்கள். அந்தப் பக்கத்தின் அடியில் அன்று பணிக்கு வந்தவர் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டம் போட்டு, மேலே 'மூக்கு' என்று எழுதிவிடுங்கள். அதை நிரப்புகிறவர் கூலி போகாது என்று தெரிந்தால்தான் உண்மையை எழுதுவார்.

உங்கள் குழுவில் வெளியிலிருந்து ஒரு விஞ்ஞானி வருகிறார், விஞ்ஞானி அல்லாத சமூக அக்கறையுள்ள ஒருவர் வருகிறார், கால்நடை மருத்துவர் இருக்கிறார். கூண்டு கழுவுகிறவருக்கு இடமில்லை. இடம் கேட்கவில்லை, ஒருநாள் கூப்பிட்டால் வந்து சொல்கிறேன். இரவு ரயில் இப்போதும் இருக்கிறது. அன்று எனக்குச் சளி இருந்தால் வரமாட்டேன். அதற்கடுத்த கூட்டத்துக்கு வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விலங்குக்கூட ஊழியர்,
பள்ளத்தூர்.